செட்டியார் கடையில் அரிசி ஏழு சென்டிமீட்டர்!

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேட்டில் வரிசையில் நிற்கிறேன். செக்யூரிட்டி என் டிபன் பாக்ஸைத் திறந்தார். மூடினார். சந்தேகம் தீராமல் மறுபடி திறந்தார்.

"என்ன ஸார் இது?"

"பெஞ்சு."

"எது?"

"டீக்கடை பெஞ்சு ஸார். நிஜத்தில் நாலடி. இது நாலு அங்குலம்."

எனக்குப் பின்னால் நாற்பது பேர். வெளியே கம்பெனி பஸ் உறுமிக்கொண்டிருக்கிறது. "கம்பெனி ஸ்க்ராப்பா?" என்றார். "இல்லை ஸார், ஐஸ் குச்சி" என்றேன். முகர்ந்து பார்த்தார். சேமியா ஐஸ் வாசனை லேசாக வந்திருக்க வேண்டும், முகம் சற்று மலர்ந்தது. ஆனாலும் ரூல் என்று ஒன்று இருக்கிறதே. கேட் ரிஜிஸ்டரில் 'பெஞ்ச் - 1' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார். அன்றிலிருந்து எங்கள் குவாலிட்டி டிபார்ட்மெண்டில் நான் 'பெஞ்சு ஸார்'. இன்க்ரிமெண்ட் லெட்டரில் மட்டும்தான் இன்னும் பழைய பெயர்.

முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, பெண் குழந்தைக்குத் தகப்பன், சாப்பாட்டு இடைவேளையில் உப்புத்தாளால் பொம்மை பெஞ்சுக்குக் கால் தேய்க்கிறான் என்றால் கேலி செய்யத்தான் செய்வார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. குற்றமெல்லாம் செட்டியார் மேல்.

கொலு வைக்கிற வீடுகளில் செட்டியாரை எல்லோருக்கும் தெரியும். தொப்பையும் சிரிப்புமாக அவர், பக்கத்தில் ஆச்சி. முன்னால் குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் அரிசி, பருப்பு, மிளகு, மஞ்சள். ராமர் பட்டாபிஷேகம் இல்லாமல்கூட கொலு பார்த்திருக்கிறேன், செட்டியார் இல்லாமல் பார்த்ததில்லை. முந்தின வருஷம் நவராத்திரிக்குப் பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோது எங்கள் செட்டியார் இரண்டாக இருந்தார். தலை தனியே வைக்கோலில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஃபெவிக்கால் போட்டு ஒட்டிடலாம்மா" என்றேன்.

"மூளியான பொம்மையைப் படியில வைக்கக் கூடாதுடா. கடை இல்லாமலும் கொலு வைக்கக் கூடாது. வீட்ல மளிகை நிறைஞ்சு இருக்கணுமா, வேண்டாமா?"

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம். பட்டுக்கும் இட்லிக்கும் போகிற கூட்டத்துக்கு சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் பொம்மைக்காரத் தெரு என்று ஒன்று இருப்பது தெரியாது. நவராத்திரிக்கு ஒரு மாசம் முன்னால் அந்தத் தெருவில் நடக்கவே கூச்சமாக இருக்கும். திண்ணை திண்ணையாகத் தலையில்லாத தெய்வங்கள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். காகிதக் கூழையும் கிழங்கு மாவையும் பிசைந்து, முன்பாதி பின்பாதி என்று இரண்டு அச்சில் அழுத்தி, ஒட்டி, காயவைத்து, வெள்ளை அடித்து, அப்புறம்தான் வர்ணம். ஒரு வீட்டில் ஓர் அம்மாள் வரிசையாக இருபது செட்டியாருக்கு மீசை போட்டுக்கொண்டிருந்தார். பேச்சு டி.வி. சீரியல் பற்றி. கை மட்டும் இருபது மீசையையும் ஒரே வளைவில் போட்டது. எங்கள் ஃபேக்டரியில் இதற்கு ஒரு ரோபோவும், ரோபோவைக் கண்காணிக்க ஒரு இன்ஜினீயரும், இன்ஜினீயரைக் கண்காணிக்க மூன்று பேரும் இருக்கிறோம்.

அந்தத் தெரு காலத்தோடு ஓடுகிற தெரு. 2019-ல் அத்திவரதர் நாற்பத்தெட்டு நாள் தரிசனம் தந்தார் அல்லவா, அதற்கப்புறம் அவரும் பொம்மையாகப் படியேறிவிட்டார். கிரிக்கெட் செட் உண்டு, கல்யாண செட் உண்டு. மளிகைக் கடை மட்டும் மாறவில்லை. அதே தொப்பை, அதே தரை.

வீட்டுக்கு வந்து புதுச் செட்டியாரை உட்காரவைத்து அம்மா கிண்ணங்களை நிரப்பினாள். அங்கேதான் என் தொழில் வியாதி தலைகாட்டியது. நாள் பூராவும் வெர்னியர் காலிப்பரைப் பிடித்துக்கொண்டு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்குச் சண்டை போடுகிறவன் நான். செட்டியாரை அளந்தேன். உட்கார்ந்த நிலையில் மூன்று அங்குலம். நிஜ ஆள் சம்மணம் போட்டால் சுமார் மூன்றடி. அப்படியென்றால் அளவு பன்னிரண்டில் ஒரு பங்கு. அடுத்து அவர் முன்னால் இருந்த அரிசியை அளந்தேன். ஆறு மில்லிமீட்டர். செட்டியார் கண்ணுக்கு அது ஏழு சென்டிமீட்டருக்கு மேல்! ஒவ்வோர் அரிசியும் அவருடைய விரல் நீளம். மிளகு எலுமிச்சம்பழம். கொண்டைக்கடலை சின்ன மாதுளை. கடுகுதான் ஏதோ கோலிக்குண்டு அளவில் நின்றது. இந்தக் கடையில் ஒரு கிலோ அரிசி வாங்கினால் வாழைத்தார் மாதிரி தோளில் சுமந்துதான் போகவேண்டும்.

"அம்மா, அரிசிக்கு பதில் நைஸ் ரவை போட்டால் கரெக்டா இருக்கும். கடுகுக்கு பதில்..."

"கையை எடுடா. அது அரிசியா இருக்கணும்னுதான் கடையே. சரஸ்வதி பூஜை முடிஞ்சு அதை எடுத்துப் பாயசத்துல போடறேனே, ரவையையா போடுவேன்?"

பதிலில்லை. ஆனால் 'பன்னிரண்டில் ஒரு பங்கு' மண்டையில் உட்கார்ந்துவிட்டது. விசாரித்துப் பார்த்ததில், அடிக்கு ஓர் அங்குலம் என்கிற இந்தக் கணக்கு பொம்மை வீடு கட்டுகிறவர்களுக்கு உலகம் முழுக்க வேதமாம். டெல்லியில் வைஸ்ராய் மாளிகை (இன்றைய ராஷ்டிரபதி பவன்) கட்டினாரே லட்யன்ஸ், அவர் அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே லண்டனில் ராணி மேரிக்கு ஒரு பொம்மை மாளிகை செய்துகொடுத்தார். 1921-ல் ஆரம்பித்து 1924-ல் முடிந்தது. அதே பன்னிரண்டில் ஒரு பங்கு. லிஃப்ட் ஓடும், குழாயில் தண்ணீர் வரும், லைட் எரியும். லைப்ரரிக்கு என்றே கானன் டாயில் குட்டியாக ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதிக்கொடுத்தார். நிலவறையில் இருக்கிற பாட்டில்களில் நிஜ ஒயின். இன்றும் விண்ட்ஸர் கோட்டையில் பார்க்கலாம். அம்மாவிடம் சொன்னேன். "பார்த்தியா, அந்த ராணியும் நிஜ சாமானைத்தான் வெச்சிருக்கா" என்றாள்.

ஜெர்மனிக்காரர்கள் இன்னும் நெருக்கம். பொம்மை மளிகைக் கடையையே கிறிஸ்துமஸுக்கு வெளியே எடுத்து, குட்டித் தின்பண்டமெல்லாம் நிரப்பி, குழந்தைகள் வியாபாரம் பண்ணித் தின்று தீர்த்ததும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவார்களாம். அங்கேயும் ஓர் அம்மா, ஒரு பரண்!

இத்தோடு விட்டிருப்பேன். மகள்தான் கிளறிவிட்டாள். இரண்டாவது படிக்கிறாள். செட்டியாரையே வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்தக் கடை எங்கப்பா இருக்கு?"

யோசித்தேன். மளிகை எங்கள் வீட்டுக்கு பைக்கில் வருகிறது. கொண்டுவருகிற பையனின் முகம்கூடத் தெரியாது, ஹெல்மெட்தான் தெரியும். சாமானைத் தரையில் பரப்பி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கடன் கொடுத்து, வீட்டு விசேஷம் விசாரிக்கிற கடை அவள் பார்த்ததே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கிற கடை ஒன்றே ஒன்றுதான். எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே அண்ணாச்சி டீக்கடை.

இந்த ரூட்டில் கடைகள் எப்படி முளைத்தன என்பது ஒரு சரித்திரம். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. அப்புறம் ஒரகடம் பக்கம் கார், லாரி, புல்லட் என்று ஒவ்வொன்றாக வந்தன. ராமானுஜர் பிறந்த ஊருக்கு இத்தனை ஷிஃப்ட் வரும் என்று ராமானுஜரே எதிர்பார்த்திருக்கமாட்டார். ஒவ்வொரு கேட் திறக்கும்போதும் எதிரே ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பாய்லர். கேட் மூடினால் பாய்லரும் அணையும். 2014 நவம்பரில் நோக்கியா மூடியதும் வேலை போனவர்கள் கணக்கு பேப்பரில் வந்தது. அந்த கேட்டை நம்பி டீ ஆற்றினவர்கள் கணக்கை எந்த பேப்பரும் எடுக்கவில்லை.

உள்ளே கேன்டீனில் எங்களுக்கு ஏறக்குறைய ஓசி டீ. இருந்தும் பத்து நிமிஷம் கிடைத்தால் வெளியே ஓடுவோம். உள்ளே கிடைப்பது டீ. வெளியே கிடைப்பது "என்ன தம்பி, முகம் வாடிக் கெடக்கு?"

செய்ய ஆரம்பித்தேன். பத்தடிக்கு எட்டடிக் கடை, எனக்குப் பத்துக்கு எட்டு அங்குலம். சுவருக்கு சன் போர்டு. கீற்றுக்கு விளக்குமாற்று ஈர்க்கு. பாய்லருக்கு ஹார்டுவேர் கடையில் முக்கால் இஞ்ச் பித்தளை நிப்பிள், அதற்குக் குழாயாக மனைவியின் கவரிங் கம்மல் திருகாணி. ("ரெண்டு நாளா தேடறேங்க, நீங்க பார்த்தீங்களா?" "இல்லையே!") வடைக்கு எம்-சீல். இதைப்போல வடைக்கு ஏற்ற பொருள் உலகத்திலேயே கிடையாது ஸார். உருட்டித் தட்டி, ரீஃபில் முனையால் ஓட்டை போட்டு, காய்ந்ததும் பிரவுன் பெயிண்ட். கடித்தால் பல் போகும், மற்றபடி எங்கள் கேன்டீன் வடைக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க லேப் ரிப்போர்ட் வேண்டும்.

டீ கிளாஸுக்கு ஸலைன் ட்யூப் துண்டு. ஒன்பது சென்டிமீட்டர் கிளாஸ் ஏழரை மில்லிமீட்டர் ஆகிறது. இங்கே ஒரு வேடிக்கை. உயரம் பன்னிரண்டில் ஒன்றாகக் குறைந்தால் கொள்ளளவு பன்னிரண்டு தரம் பன்னிரண்டு தரம் பன்னிரண்டு, ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டில் ஒன்றாகக் குறைகிறது. நூறு மில்லி டீ பிடிக்கிற கிளாஸ், பொம்மையில் ஒரே ஒரு சொட்டில் நிரம்பிவிடும். ஃபுல் டீயே ஒரு சொட்டு. டூ பை ஃபோர் கேட்கிறவர்களின் கதி?

வேலை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஓர் உண்மை உறைத்தது. பதினோரு வருஷமாக அந்தக் கடையில் டீ குடிக்கிறேன். சர்க்கரை டப்பா பாய்லருக்கு இடதா, வலதா? தெரியாது. பன் தொங்குகிற கயிறு எங்கே கட்டியிருக்கிறது? தெரியாது. கல்லா மரமா, தகரமா? தெரியாது. ஒரு நட்டின் மரை சரியில்லை என்று பத்தாயிரம் பீஸைத் திருப்பி அனுப்புகிறவன், தினம் இரண்டு வேளை நிற்கிற இடத்தைப் பார்த்ததே இல்லை!

டேப்பை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஒரு கையில் டீ, மறு கையால் பெஞ்சை அளப்பது. கல்லாவில் சாய்கிற சாக்கில் உயரம் பார்ப்பது. மூன்றாவது நாள் அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"தம்பி, ஒளிக்காமச் சொல்லுங்க. நீங்களும் அந்தக் கோஷ்டிதானா?"

"எந்தக் கோஷ்டி?"

வெளியே கூட்டிப் போய்க் காட்டினார். கொட்டகைக் கம்பத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. சிங்கப்பெருமாள் கோயில் ரோட்டில் இருந்த கடை அது. ரோட்டை அகலம் பண்ணவேண்டும் என்று எனக்கு ஒரு வாரம் முன்னால் வேறு சிலர் டேப்போடு வந்து, டீ குடித்து, காசு கொடுத்து, கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் பொம்மைக் கடைக்கு என்று சொன்னேன். நம்பவில்லை. மொபைலில் நாலு அங்குல பெஞ்சைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அண்ணாச்சிக்கு அம்பாசமுத்திரம் பக்கம்.

"எங்க ஊர்ல செப்புச் சாமான் இருக்கும், பாத்திருக்கீகளா? மஞ்சக் கடம்பு மரத்தைக் கடைசல்ல குடுத்து, சுத்தும்போதே அரக்கை வெச்சு அழுத்துனா சூட்டுல அப்டியே வர்ணம் புடிச்சுக்கிடும். அம்மி, உரலு, குடம், இட்லிக் கொப்பரை, எல்லாம் விரக்கடை அளவுல ஓலைப் பொட்டில போட்டுத் தருவாக. எங்க அக்காவுக்கு வாங்கினது, நாந்தான் ஓட்டல் வெச்சு வெளையாடுவேன்." பிறகு பெஞ்சின் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலு ஆடுமே, நீங்க ஆடாமப் பண்ணிட்டீகளே" என்றார்.

உண்மைதான். நிஜ பெஞ்சு ஒரு பக்கம் ஆடும். அதற்கு அடியில் தேங்காய் ஓட்டுச் சில்லு ஒன்று முட்டுக்கொடுத்திருக்கும். வீட்டுக்குப் போய் ஒரு காலை அரை மில்லிமீட்டர் குறைத்தேன்.

கடையின் மூன்று பக்கம் முடிந்தது. பின்சுவர் பாக்கி. அவசரம் என்ன, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த வாரம் ஆடிட். அடுத்த திங்கட்கிழமை ஷிஃப்ட் விட்டு வெளியே வந்தால் எதிரே வெயில். இத்தனை வருஷமாக அந்தப் பக்கம் வெயிலே பார்த்ததில்லை. கொட்டகை இல்லை. தரையில் அடுப்பு இருந்த வட்டம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

முதலில் தோன்றியது வருத்தமில்லை. 'ஐயோ, பின்சுவர்!' என்பதுதான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

டிபார்ட்மெண்டில் ஒருத்தர் விடாமல் விசாரித்தேன். முருகன் காலண்டர் என்றார் ஒருவர். அதெல்லாம் இல்லை, கண்ணாடி என்றார் இன்னொருவர். மேலாளர் உறுதியாக "நீல பெயிண்ட்" என்றார், அவர் அந்தக் கடைக்கு வந்ததே கிடையாது. எல்லோர் மொபைலிலும் அந்தக் கடையில் எடுத்த செல்ஃபி ஏகப்பட்டது இருந்தது. பர்த்டே, போனஸ் நாள், தோனி சிக்ஸர் அடித்த நாள். எல்லாவற்றிலும் நாங்கள்தான் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறோம். சுவர் எங்கள் மண்டைகளுக்குப் பின்னால்.

இரண்டு மாசம் கழித்து, வல்லம் பக்கம் ஒரு கேட்டுக்கு எதிரே அண்ணாச்சி தள்ளுவண்டி போட்டிருக்கிறார் என்று ஒரு டிரைவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கடையை அட்டைப்பெட்டியில் வைத்து, மடியில் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். வண்டியின் ஓரத்தில் வைத்துப் பெட்டியைத் திறந்தேன்.

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. குனிந்து பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஆள்காட்டி விரல் நகத்தால் பெஞ்சைத் தொட்டார். ஆடியது. சிரித்தார்.

"வடை ஓட்டை பெருசு" என்றார்.

"பின்சுவர்ல என்ன அண்ணாச்சி இருந்துச்சு? யாருக்கும் ஞாபகம் இல்ல."

"அங்கன சாமி படம் எல்லாம் இல்ல. கரிக்கோடு."

"கரிக்கோடா?"

"கணக்கு தம்பி. கான்ட்ராக்ட்ல ஒரிசா, பீகார்ல இருந்து பயலுக வருவானுகல்லா, பேரு எழுதத் தெரியாது எனக்கு அவுக பாஷையில. அதனால ஒவ்வொருத்தனுக்கும் ஒரு படம். மீசைக்காரனுக்கு மீசை. நெட்டையனுக்கு ஏணி. ஒருத்தன் பாடிக்கிட்டே இருப்பான், அவனுக்குக் குருவி. அதுக்குக் கீழ டீக்கு ஒரு கோடு. சம்பளத்தன்னைக்கு வந்து காசு குடுத்துட்டு அவனுகளே எச்சி தொட்டு அழிப்பானுக. கான்ட்ராக்ட் முடிஞ்சு ராத்திரியோட ராத்திரியா அனுப்பிட்டாகன்னா கோடு அப்படியே நிக்கும். குருவிக்குப் பதினாலு கோடு நின்னுச்சு. நான் அழிக்கல, வந்தாலும் வருவான்னு."

கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கும் இருந்துச்சு" என்றார்.

"எனக்கா? என்ன படம்?"

"டேப்பு. ஆறு கோடு."

சட்டைப் பையைத் தடவினேன். நான் அளந்த நாட்களில் அளக்கிற மும்முரத்தில் காசு கொடுக்காமலே போயிருக்கிறேன்! வண்டியில் தொங்கிய அட்டையை ஸ்கேன் பண்ணி ஆறு டீக்குப் போட்டேன். பெட்டி கணீரென்று தொகையை அறிவித்தது. அக்கம்பக்கத்து லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து, பூதக்கண்ணாடியை ஸ்டாண்டில் மாட்டி, மிகப் பொடி முனைப் பேனாவால் பின்சுவர் எழுதினேன். மீசை, ஏணி, குருவி. குருவிக்குக் கீழே பதினாலு கோடு. ஓரத்தில் ஒரு டேப் வரைந்து, ஆறு கோடு போட்டு, ஈரப் பஞ்சால் லேசாக அழித்தேன். அழித்த கறை தெரிகிற மாதிரி.

இந்த நவராத்திரிக்கு மூன்றாம் படியில் செட்டியார் கடை, பக்கத்தில் டீக்கடை. மகள் வருகிறவர்களுக்கெல்லாம் குருவி கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மாமி "கடையில ஆளே இல்லையே, பொம்மை வைக்கலையா?" என்றார். அண்ணாச்சியைப் பொம்மையாகச் செய்ய மூன்று முறை முயன்று, மூன்று முறையும் எங்கள் மேலாளர் மாதிரியே வந்ததால் விட்டுவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி எல்லோரும் போனபின் அம்மா சமையற்கட்டிலிருந்து காது மருந்து ட்ராப்பரைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் நிஜ டீ, சர்க்கரை தூக்கலாக. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கை நடுங்காமல், பெஞ்சின் மேலிருந்த ஆறு கிளாஸிலும் ஆறு சொட்டு விட்டாள். சரியாக நிரம்பியது. ஒரு சொட்டுகூட வழியவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால் கடையில் நல்ல கூட்டம். படியிலிருந்து வாசற்படி வரைக்கும், பி ஷிஃப்ட் விட்ட மாதிரி, வரிசையாக எறும்புகள்.